விழுந்த நம்பருக்கு இரண்டு வெள்ளி

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் யாருக்கு எது நடந்தாலும் அதில் நான்கு எண்கள் தேறுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ரோட்டில் லோரி கவிழ்ந்தால் அடிபட்டவனைத் தூக்க ஒருவன் ஓடுவான். நம்பர் பலகையைப் பார்க்க நாலு பேர் ஓடுவார்கள். செத்தவனின் அடையாளக் கார்டு, பிறந்த பிள்ளையின் எடை, பாம்பு நுழைந்த வீட்டின் கதவெண் என்று எதையும் வீணாகப் போகவிடுவதில்லை. மேட்டு லயத்து வரிசை வீடுகளில் அன்னம்மாவின் அடுப்படி தீப்பிடித்து எரிந்தபோது, தண்ணீர் வாளியோடு ஓடிய தாயம்மாவும் திரும்பி வரும்போது கதவில் இருந்த எண்ணைப் படித்துக்கொண்டுதான் வந்தாள். அந்த எண்ணில் ஒரு வெள்ளிக் காசு வைத்தாள். விழவில்லை.

கோலசிலாங்கூரில் மலேசிய அரசாங்க அனுமதியோடு நடக்கும் நம்பர் கடை இருந்தது. ஆனால் அங்கே போக பஸ் காசு வேண்டும், கையில் ரொக்கம் வேண்டும். இருசப்பனிடம் வைக்க இரண்டும் வேண்டாம். அவன் ரப்பர் பால் ஏற்றும் லோரியில் ஏறித் தினமும் பட்டணம் போய்வருகிறவன். சாயங்காலம் லயத்து வாசல்களில் வந்து நின்று, காதில் செருகிய பென்சிலை எடுத்து, இரண்டு துண்டுச் சீட்டில் நம்பர் எழுதி, ஒன்றைத் தந்து ஒன்றை வைத்துக்கொள்வான். காசு இல்லை என்றால் சம்பளத்தில் வாங்கிக்கொள்வான். கடையில் முதல் பரிசுக்கு ஒரு வெள்ளிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்றால் இவனிடம் மூவாயிரம்.

இருசப்பன் எழுதியது தனக்காக அல்ல. பத்தாங் பெர்ஜுந்தையில் மளிகைக் கடை வைத்திருந்த நடராஜாவுக்காக. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவரும் அவர்தான். கோயிலில் அவர் வாங்கிக் கொடுத்த டியூப் லைட்டுகளில் அம்மன் முகம் தெரிந்ததோ இல்லையோ, 'உபயம் நடராஜா' என்பது பளிச்சென்று தெரியும். அவரிடம் நம்பர் வைப்பது தப்பான காரியம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஆறுதல் பரிசு விழுந்து அறுபது, எழுபது வெள்ளி என்று வாங்கியவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள். குலுக்கல் முடிந்த மறுநாளே காசு வந்துவிடும். இருசப்பன் கையில் கொடுத்தால் பேங்கில் போட்ட மாதிரி என்று சொல்வார்கள்.

பெரிய பரிசு அதுவரை அந்தத் தோட்டத்தில் யாருக்கும் விழுந்ததில்லை. அதனால் பேங்கின் இருப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமலே இருந்தது.

எண்பத்து நான்காம் வருஷம், தாயம்மாவுக்குத் தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு காயிதம் வந்தது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிவானந்தம் அதைத் தானே படித்தும் காட்டினார். கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் தரும் செம்பனை போடப்போகிறார்கள். ஐம்பத்தைந்து வயதானவர்களுக்கு இனி வேலை இல்லை; வேலை இல்லாதவர்களுக்கு லயத்தில் வீடும் இல்லை. வருஷ முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். பாவாடை கட்டிய வயதில் பால் வாளி தூக்கியவள், புருஷன் செல்லனை இந்தத் தோட்டத்துச் சுடுகாட்டில்தான் கொடுத்தவள். காயிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி பாலுக்கு மரம் வெட்டப் போனாள்.

வழி ஒன்று இருந்தது. மகள் திலகம் ரவாங்கில் ஒரு பேக்டரியில் வேலை செய்தாள். புக்கிட் பெலிம்பிங் பக்கம் கட்டிக்கொண்டிருந்த மலிவு வீடுகளில் ஒன்றுக்கு எழுதிப் போட்டு, அவள் பெயரும் குலுக்கலில் வந்திருந்தது. முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு. அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். தாயும் மகளும் சேர்த்து வைத்தது எண்ணூறுக்குப் பக்கத்தில் இருந்தது. மீதிக்கு வட்டிக்காரனிடம்தான் போக வேண்டும். போனவர்கள் திரும்பி வந்த கதை தோட்டத்தில் இல்லை.

அந்த வாரம் இருசப்பன் வாசலில் வந்து நின்றபோது தாயம்மா இடுப்பிலிருந்து காயிதத்தை எடுத்தாள். மேல் மூலையில் ஆபீஸ் நம்பர் ஒன்று நீளமாக இருந்தது. அதன் கடைசி நான்கு எண்களைக் காட்டினாள். நாற்பது தொண்ணூற்றிரண்டு.

"தள்ளுற காயிதமே தாங்கட்டும். ரெண்டு வெள்ளி போடு."

"ரெண்டா? என்னக்கா இவ்வளவு தைரியம்."

"போறவளுக்கு என்னடா பயம். எழுது."

சனிக்கிழமை மத்தியானம் அவன் அந்த வழியாக வந்தபோது, சீட்டை முதலாளியிடம் சேர்த்துவிட்டதாகச் சொன்னான். ஆபீஸ் காயிதத்திலிருந்து எடுத்த நம்பர் என்று கேட்டு முதலாளி சிரித்தாராம். தாயம்மாவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டிக்கு ஒரு சூடம் ஏற்றி, விழுந்தால் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பால் நிறுக்கும் ஸ்டோரில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தபோது அப்பளசாமி ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கல் போட்ட பேப்பரோடு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், செல்லனுக்குக் கூட்டாளியாக இருந்தவர்.

"தாயம்மா, ஒன் காயிதத்து நம்பர் என்னா சொன்ன?"

"நாப்பது தொண்ணூத்திரண்டு."

"இன்னொரு தரம் சொல்லு."

"எத்தன தரம் சொல்றது அண்ணே? நாப்பது, தொண்ணூத்திரண்டு."

அப்பளசாமி பேப்பரை அவள் பக்கம் திருப்பினார். அவளுக்கு எழுத்து வராது; எண்கள் வரும். முதல் பரிசு என்று பெரிதாகப் போட்டிருந்த கட்டத்தில் அந்த நான்கும் வரிசை மாறாமல் நின்றன. தாயம்மா பாலை நிறுத்து, கணக்குச் சொல்லி, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு செல்லன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். ஆறாயிரம். முன்பணம் போக வீட்டுக்குக் கட்டிலும் வாங்கலாம்.

இருசப்பன் அன்றே வந்து அவளிடமிருந்த சீட்டை வாங்கிக்கொண்டான். சீட்டைக் கொடுத்தால்தான் காசு. எப்போதும் அதுதான் வழக்கம். "பெரிய தொகைக்கா. முதலாளி கொஞ்சம் பொறட்டணும். ஒரு வாரம்" என்றான்.

அந்த ஒரு வாரத்தில்தான் தாயம்மா அவசரப்பட்டாள். அவளைக் கேட்டால் அதை அவசரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். சாமிக்கு நேர்ந்த கடனைத் தீர்க்காமல் விழுந்த காசைத் தொடக்கூடாது என்பது அவள் அறிந்த முறை. திலகம் லீவு போட்டு வந்து எவ்வளவோ சொன்னாள்.

"அம்மா, காசு கைக்கு வரட்டும்லா. அப்புறம் ஆட்ட வெட்டு. முனியாண்டி எங்கயும் டிரான்ஸ்பர் ஆகிப் போயிட மாட்டாரு."

"சாமிக்குக் கடன் வச்சிட்டுக் காசத் தொட்டா அது தங்குமாடி? ஒங்க பெரியப்பன் அப்படித்தான் தொட்டான். காசு சம்சுக் கடைக்குப் போச்சு, காலு டிராக்டர் சக்கரத்துக்குப் போச்சு."

"பெரியப்பா குடிச்சிட்டு விழுந்தாரும்மா."

"யாரு தள்ளிவிட்டான்னு ஒனக்குத் தெரியுமா?"

கிடாவை இருசப்பனிடமே வாங்கினாள். அவன் வீட்டுப் பின்னால் ஆடு வளர்த்தான். விலை நூற்று எண்பது. காசு வந்ததும் தருவதாகப் பேச்சு. சனிக்கிழமை எல்லையில் கிடா வெட்டி, ஸ்டோருக்குப் பக்கத்துத் திடலில் சமைத்து, இரண்டு லயத்துக்கும் சோறு போட்டாள். நடராஜா தன் செலவில் மைக் செட் அனுப்பியிருந்தார். மத்தியானம் காரில் வந்து இறங்கி, இலையில் உட்கார்ந்து, ஈரல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியதும் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தாயம்மா கை ராசியான கை. நம்பிக்கை வச்சாங்க, சாமி குடுத்துச்சு. அடுத்த வாரம் யார் வீட்டுல கெடா வெட்டப் போறாங்கன்னு பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். தாயம்மா புதுச் சேலையின் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு வெட்கப்பட்டாள். அந்தச் சாயங்காலம் இருசப்பன் வாசல் வாசலாகப் போகவேண்டியிருக்கவில்லை. ஜனங்கள் அவனைத் தேடி வந்தார்கள். ஐம்பது காசு வைத்தவன் இரண்டு வெள்ளி வைத்தான். நம்பரே எடுக்காத கிராணி சிவானந்தம்கூட ஐந்து வெள்ளியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கிடா முனியாண்டிக்கு வெட்டியது என்றாலும், அருள் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தாயம்மா பிறகுதான் கணக்குப் பார்த்தாள்.

ஒரு வாரம் இரண்டானது. இருசப்பன் அவள் வாசலைத் தாண்டும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தான். "முதலாளி கேட்டிருக்காருக்கா", "மேல இருந்து வரணுமாம்க்கா", "நாளைக்குக் கேக்கறேன்க்கா". மாதக் கடைசி நெருங்கியது. தாயம்மா ஒருநாள் வேலைக்குப் போகாமல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு பஸ் ஏறினாள்.

நடராஜா அரிசி மூட்டைகளுக்கு நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தாயம்மா. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு முதலாளி. என் காசு விசயமா வந்தேன்."

"எந்தக் காசு?"

பருப்பு வேண்டுமா என்று கேட்பதுபோல் கேட்டார். அவள் சொன்னாள். எந்த நம்பர், எந்த வாரம், எத்தனை வெள்ளி என்று ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அதாம்மா. அந்த நம்பர் புல்லாயிடுச்சு. ஒரு நம்பருக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல வந்தா நாங்க எடுக்கறதில்ல."

"அது என்னை வீட்ட விட்டுத் தொரத்தற காயிதத்து நம்பர் முதலாளி. என்னைத் தவிர அத யாரு எடுத்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்? மேல இருக்கறவங்க சொல்றாங்க."

"எடுக்கலன்னா அன்னிக்கே சொல்லிருக்கணும். விழுகாமப் போயிருந்தா என் ரெண்டு வெள்ளியத் திருப்பி அனுப்பியிருப்பீங்களா?"

நடராஜா மேசையிலிருந்த பேனாவை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

"சரி, அத விடுங்க. நீங்க செஞ்ச காரியம் சரியில்ல. ஆடு வெட்டி, மைக் வச்சு, ஊருக்கே சோறு போட்டு அமக்களம் பண்ணிட்டீங்க. போலீஸ் காதுக்குப் போயிடுச்சு. இது மறைவா செய்யற தொழில். சத்தம் போட்டவங்களுக்குக் காசு கெடையாது. அதான் ரூல்."

"மைக்கு நீங்க அனுப்புனது."

"அது சாமி காரியத்துக்கு."

"நீங்கதான் அதுல பேசுனீங்க. ஈரல் தின்ன வாயால பேசுனீங்க. அப்ப இந்த ரூலு எங்க போயிருந்துச்சு?"

கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடராஜா குரலை உயர்த்தவில்லை.

"இங்க பாருங்க, இப்பவும் சத்தந்தான் போடறீங்க."

"அந்த ரூலு எங்க எழுதியிருக்கு முதலாளி? காட்டுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, எம் மக படிப்பா."

"எழுதி வச்சா அது சட்டமாயிடும்மா. எழுதி வைக்கறது கவர்மெண்டு வேல. நம்மது நம்பிக்க." அவர் கல்லாவைத் திறந்து இரண்டு ஒரு வெள்ளி நோட்டுகளை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். "நீங்க வச்ச காசு. யாரு காசும் எனக்கு வேணாம். எடுத்துக்குங்க. மனசு ஆறலன்னா போலீசுக்குப் போங்க. எழுதுனவன மட்டும் பிடிக்க மாட்டான். வச்சவங்களயும் சேத்துத்தான் ஏத்துவான்."

அந்த இரண்டு வெள்ளியைத் தொடக்கூடாது என்றுதான் நினைத்தாள். வாசல் வரை நடந்தும்விட்டாள். வரும்போது டிக்கெட்டுக்குக் கொடுத்தது போக முந்தானை முடிச்சில் இருந்தது இருபது காசு. ஆறு கட்டை தூரம், ஆறு மைல், வெயிலில் நடக்கும் முட்டி அவளிடம் இல்லை. திரும்பி வந்து, நோட்டுகளை எடுத்து, யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சொல்வார்கள். உண்டவன் செய்த இரண்டகத்துக்கு உணவு போட்டவள் பஸ் காசு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கிராணி சிவானந்தத்திடம் போய், எங்காவது ஒரு புகார் எழுதித் தரும்படி கேட்டாள். அவர் பேனாவைத் திறக்கவில்லை.

"யாருக்கு எழுதறது? என்னன்னு எழுதறது? நான் ஒரு குத்தம் செஞ்சேன், அதுக்குக் கூலி வரலன்னா?"

"நீங்களும் அஞ்சு வெள்ளி வச்சீங்களே ஐயா."

"அதனாலதான் சொல்றேன். எம் பேரு எங்கயும் வரக்கூடாது."

போலீசும் இல்லை, காயிதமும் இல்லை என்றான பிறகு தாயம்மாவுக்குத் தெரிந்த கோர்ட்டு ஒன்றுதான் மிச்சம். விடியலில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் பேர் கொடுக்க நின்றபோது நடுவில் போய் நின்று சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியாண்டி கோயில்ல சூடம் கொளுத்தி வைக்கறேன். எனக்குக் காசு தரவேண்டியதில்லன்னா நடராஜா வந்து அத அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

பொய்ச் சத்தியம் பண்ணி முனியாண்டி சூடத்தை அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பதில் அந்தத் தோட்டத்தில் இரண்டு பேச்சு இல்லை. அவர் வரமாட்டார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வராவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் நம்பர் வைக்கமாட்டார்கள். அது நடராஜாவுக்கும் தெரியும். அதனால் அவர் வந்தார்.

வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்தார். அரிவாளோடு நின்ற முனியாண்டியைத் தாயம்மாவைவிட நன்றாகக் கும்பிட்டார். தட்டில் சூடம் எரிந்தது. இரண்டு லயமும் கூடியிருந்தது. ரவாங்கிலிருந்து வந்த திலகம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் யாரையும் ஏமாத்தறவன் இல்ல" என்றார் நடராஜா. "தாயம்மா வயசானவங்க. மனசு நோகக்கூடாதுன்னு நேத்து வரைக்கும் உண்மையச் சொல்லாம மறைச்சேன். அந்தச் சீட்டு ஞாயித்துக்கெழம குலுக்கல் முடிஞ்ச பெறகுதான் என் கைக்கு வந்துச்சு. வந்த நம்பரப் பாத்து எழுதுன சீட்டுக்கு எந்த ஊர்ல காசு குடுப்பான்? என்னக் கேக்க வேணாம். கொண்டாந்தவன் இருக்கான். கேளுங்க."

திலகம் தாயின் காதில், "புல்லுன்னான், சத்தம்னான், இப்ப இது" என்றாள்.

தாயம்மா அவள் கையை அழுத்தினாள். அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நடராஜா மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் வாசலில் நின்று, சேர்த்துவிட்டேன், முதலாளி சிரித்தார் என்று சொன்னவன் இருசப்பன். அவனுடைய மூன்று பிள்ளைகளுக்கும் மாந்தத்துக்கு மருந்து அரைத்துக் கொடுத்தது அவள் அம்மி.

"சொல்லு இருசப்பா. என்னிக்குக் குடுத்த?"

இருசப்பன் சூடத்தைப் பார்த்தான். நடராஜா அவன் தோளில் கை வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். லயம் முழுவதும் கடன் சொல்லி வைத்த நம்பர்களுக்கெல்லாம் பொறுப்பு இருசப்பன்தான் என்பதும், அந்தக் கணக்கு நடராஜாவின் கல்லாவில் இருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா."

"என்னிக்குன்னு ஞாபகம் இல்லயா, சொன்னதே ஞாபகம் இல்லயா?"

"ஞாபகம் இல்ல."

நடராஜா கையை நீட்டினார். உள்ளங்கையால் சூடத்தை அழுத்தினார். கை சுட்டதா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புகை ஒரு இழையாகக் கிளம்பி முனியாண்டியின் மீசைக்கு மேலே போனது. அவர் விபூதியை எடுத்து இன்னொரு தரம் பூசிக்கொண்டார்.

காற்றுகூட அடிக்கவில்லை. கூட்டம் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. பிறகு அப்பளசாமி தொண்டையைக் கனைத்தார்.

"சூடத்தையே அணைச்சிட்டாரு. இனிமே என்னா பேசறது தாயம்மா. நீயே கேட்ட கோர்ட்டு."

ஆமாம், ஆமாம் என்றார்கள். அவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. இல்லையென்றால் அடுத்த நம்பரை எங்கே வைப்பது? தாயம்மா நடராஜாவைப் பார்க்கவில்லை, இருசப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பே போடாத காலில் எதையோ சரிசெய்துகொண்டிருந்தான். முனியாண்டிக்கு அவள் வெட்டிய கிடா இன்னும் செரிக்கவில்லை போலிருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை.

மாதக் கடைசி வந்தது, போனது. புக்கிட் பெலிம்பிங் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டதாகத் திலகத்துக்குச் சொன்னார்கள். நடராஜாவின் குடும்பம் விளங்காமல் போகவில்லை. தீபாவளிக்கு அவர் புதுக் கார் எடுத்தார். அதன் நம்பரையும் நாலைந்து பேர் வைத்தார்கள்.

வருஷ முடிவில் திலகம் ரவாங்கில் ஒரு பலகை வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தாள். சாமான் ஏற்ற லோரி வந்தது. ஏற்ற அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு அலமாரி, இரண்டு பாய், பாத்திரங்கள், அம்மி, செல்லன் படம். இருசப்பனும் ஒரு கை கொடுக்க வந்தான். அம்மியை அவன்தான் தூக்கி ஏற்றினான். எல்லாம் முடிந்ததும் தாயம்மா அவனைக் கூப்பிட்டு, முந்தானையை அவிழ்த்து ஒரு சுருட்டை நீட்டினாள்.

"நூத்தி எம்பது. எண்ணிக்க."

"என்னக்கா இது?"

"ஆட்டுக் காசு."

"வேணாம்க்கா. அதப் போயி." அவன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டான். "எனக்கு மூணு புள்ளைங்கக்கா. ஒங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதான் குடுக்கறேன். குடுக்க வேண்டியதக் குடுக்கறதுக்கு எங்க வீட்டுல ரூலு எதுவும் இல்ல. பிடி."

அவன் வாங்கிக்கொண்டான். எண்ணவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தாயம்மா முன் சீட்டில் ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். சைடு கண்ணாடியில் பார்த்தால் லோரிக்குப் பின்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். அப்பளசாமி இருந்தார், அன்னம்மா இருந்தாள், மேட்டு லயத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். இத்தனை வருஷம் ஒன்றாக இருந்த ஜனம், என்ன இருந்தாலும் வழியனுப்ப வந்துவிட்டார்களே என்று நினைத்து, கடைசியாக ஒரு தரம் முகம் பார்க்கலாம் என்று தலையை வெளியே நீட்டினாள்.

அவர்கள் யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கீழே, ஒரே இடத்தில் இருந்தது. அப்பளசாமியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அன்னம்மா விரலால் உள்ளங்கையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயம்மா கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்கம்மா போற?" என்றாள் திலகம்.

தாயம்மா லயத்துக் கால்வாயில் குனிந்து ஒரு கை நிறையச் சேற்றை அள்ளினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. லோரியின் நம்பர் பலகையின் மேல் அதை அப்பினாள். இன்னொரு கை அள்ளி அப்பினாள். பால் வாளியைத் துடைக்கிறவள்போல் ஓரம் விடாமல் பூசினாள்.

"என்னா தாயம்மா இது" என்றார் அப்பளசாமி, சங்கடமாக.

"ஒண்ணுமில்லண்ணே. இது என் சாமான ஏத்திட்டுப் போற வண்டி. இதுலயும் எவனுக்கும் எதுவும் விழ வேணாம்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள். லோரி கிளம்பியது. பள்ளத்தில் இறங்கி மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து பேச்சு கேட்டது.

"கடைசி எண்ணு மூணுதான?"

"எட்டுய்யா. நான் நல்லாப் பாத்தேன்."

"மூணுதான் மாமா. சேறு விழறதுக்கு முந்தி பாத்தேன்."

"எதுக்கு வம்பு" என்றது அப்பளசாமியின் குரல். "ரெண்டையும் எழுதிக்க இருசப்பா."

தாயம்மா கண்ணாடியைப் பார்த்தாள். இருசப்பன் சட்டைப்பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தான். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்தான்.